கல்வராயன் மலையில் சொகுசு விடுதி: யாரைக் கேட்டு அனுமதி?

கொடைக்கானலும் மசினகுடியும் சொல்லும் பாடம்

கள்ளக்குறிச்சி:-

லீவு நாள் வந்துவிட்டால் போதும், கச்சிராயப்பாளையம் ரோட்டில் வெளியூர் கார்கள் வரிசையாக வருகின்றன. கோமுகி அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் போனால் பெரியார் அருவி, மேகம் அருவி. இன்னும் ஏறினால் கரியாலூரில் படகுத் துறை. அதற்கு அப்பால் வெள்ளிமலை.

குளித்து, கட்டுச்சோறு சாப்பிட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு, சாயந்திரம் இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு சிலர் இறங்குவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

"இங்கே இடம் கிடைக்குமா? ஏக்கர் என்ன விலை?"

எந்த மலையிலும் கதை ஆரம்பிப்பது இந்தக் கேள்வியில்தான்.

முதலில் வேலி வரும். "தோட்ட வீடு" என்பார்கள். பிறகு நாலு குடில், ஒரு நீச்சல் குளம், ஆழ்துளைக் கிணறு. கடைசியில் கேட்டில் ஒரு வாட்ச்மேன். "உள்ளே வரக்கூடாது" என்பார். "எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த வழியாத்தான் மாடு ஓட்டிப் போறோம்" என்று மலைவாசி சொன்னால், "பட்டா இருக்கா?" என்று கேட்பார்.

"யாருய்யா இதுக்கு பர்மிஷன் கொடுத்தது?" என்று ஊர் விழித்துக்கொண்டு கேட்கும்போது, கட்டிடத்துக்குப் பெயிண்டு அடித்து முடிந்திருக்கும்.

அப்படிக் கேட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரை போன 2 மலைகள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தக் கதைகளைக் கல்வராயன் மலை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. விவரம் வருமாறு:-

2 தளம் 7 தளம் ஆனது!

1990-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் "பிளசன்ட் ஸ்டே" என்ற ஓட்டல் கட்டப்பட்டது. 2 தளங்களுக்குத்தான் அனுமதி. எழுந்து நின்றதோ 7 தளங்கள்!

மலைச்சரிவில் உயரமாகக் கட்டக்கூடாது என்பது விதி. விதியை மீறிய ஓட்டலுக்கு அபராதமா? இல்லை. 1994-ம் ஆண்டு மே மாதம் அரசாங்கமே ஓர் உத்தரவு போட்டு, அந்த விதியில் இருந்து ஓட்டலுக்கு விலக்கு கொடுத்துவிட்டது.

பழனி மலைப் பாதுகாப்பு கவுன்சில் என்ற அமைப்பு சும்மா இருக்கவில்லை. ஐகோர்ட்டில் வழக்கு போட்டது. விலக்கு கொடுத்தது செல்லாது என்றும், கூடுதல் தளங்களை இடிக்க வேண்டும் என்றும் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஓட்டல் தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது. 1995-ல் அங்கும் தோல்விதான்.

விவகாரம் அதோடு நிற்கவில்லை. கிரிமினல் வழக்காகவும் மாறியது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, முன்னாள் முதல்-அமைச்சர் ஜெயலலிதா, முன்னாள் அமைச்சர் டி.எம்.செல்வகணபதி உள்ளிட்டவர்களுக்குத் தனிக்கோர்ட்டு சிறைத் தண்டனை விதித்தது. 2001-ம் ஆண்டு டிசம்பரில் ஐகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது.

ஆனால் தனிக்கோர்ட்டின் தீர்ப்பு வந்த அன்றே ஒரு கொடுமை நடந்துவிட்டது. தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில், கல்லூரி மாணவிகள் வந்த பஸ்சுக்குத் தீ வைக்கப்பட்டது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் 3 பேர் உயிரோடு கருகினார்கள்.

கொடைக்கானலையும் அந்த ஓட்டலையும் அந்தப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. மலையில் 5 தளங்களுக்காகப் போடப்பட்ட ஓர் உத்தரவு, 6 வருடம் கழித்து எங்கே வந்து முடிந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

யானைப் பாதையில் விடுதிகள்

அடுத்த கதை நீலகிரி மாவட்டத்தில் நடந்தது.

ஊட்டி மலைக்குக் கீழே, முதுமலைக் காட்டை ஒட்டி சீகூர் பீடபூமி இருக்கிறது. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் எல்லாம் இங்கேதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய் வரும் பாதை இது. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, இன்னொரு பக்கம் மாயாற்றின் பள்ளம். யானைக்கு வேறு வழி கிடையாது.

அந்தப் பாதையில்தான் ஒவ்வொன்றாகச் சொகுசு விடுதிகள் முளைத்தன. முள்வேலி வந்தது. மின்வேலி வந்தது. ராத்திரியில் ஜீப்பில் யானை பார்க்கக் கூட்டிப் போகும் தொழில் வந்தது.

2008-ம் ஆண்டு வக்கீல் "யானை" ராஜேந்திரன் சென்னை ஐகோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டார். 2010 ஆகஸ்டில் அரசாங்கம் அந்த இடத்தை யானைகளின் வழித்தடம் என்று அறிவித்தது. 2011 ஏப்ரலில் ஐகோர்ட்டு அந்த அறிவிப்பு செல்லும் என்றது. விடுதிக்காரர்கள் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

விடுதிக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். "நாங்க அறிவிப்புக்கு முன்னாடியே இருக்கோம். எங்களை நம்பி எத்தனையோ உள்ளூர்க் குடும்பங்க பிழைக்குது" என்பது அவர்கள் கட்சி.

2018 ஆகஸ்டு 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதிரடி உத்தரவு ஒன்று போட்டது. அனுமதி இல்லாத 11 விடுதிகளுக்கு 48 மணி நேரத்துக்குள் சீல் வைக்க வேண்டும். மற்ற விடுதிகள் உடனே ஆவணங்களைக் கலெக்டரிடம் காட்ட வேண்டும். சில நாட்களுக்குள் சீல் வைக்கப்பட்ட விடுதிகளின் எண்ணிக்கை 27 ஆகிவிட்டது. காகிதத்தைக் காட்டு என்றதும் கையை விரித்தவர்கள் அத்தனை பேர்!

2020 அக்டோபர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இறுதித் தீர்ப்பு சொன்னது. யானைப் பாதை அறிவிப்பு செல்லும் என்றது. யார் இடம் எதில் அடங்கும் என்பதை ஆராய, ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

வழக்கு போட்டதில் இருந்து தீர்ப்பு வரை 12 வருடம்.

எரியும் டயரோடு ஓடிய யானை

தீர்ப்பு வந்து 3 மாதம்தான் ஆகியிருக்கும். மசினகுடியில் காதும் முதுகும் புண்ணாகிச் சுற்றித் திரிந்த ஓர் ஆண் யானை, 2021 ஜனவரி 19-ந் தேதி சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் செத்துப்போனது.

பிறகுதான் ஒரு வீடியோ வெளியே வந்தது. விடுதி ஒன்றின் அருகே வந்த யானையை விரட்ட, எரியும் டயரை அதன் மேல் வீசியிருக்கிறார்கள். டயர் காதில் மாட்டிக்கொண்டது. தலையில் நெருப்போடு அந்த ஜீவன் இருட்டில் ஓடியது. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

2 பேர் கைது செய்யப்பட்டார்கள். விசாரித்தால், அந்த விடுதிக்கு லைசென்சே இல்லை! அப்புறம்தான் சீல் வைத்தார்கள்.

கொடைக்கானலில் தளம் எழும்போதே ஒரு அதிகாரி தடுத்திருந்தால் வழக்கே வந்திருக்காது. மசினகுடியில் முதல் வேலி போடும்போதே யாராவது கேட்டிருந்தால் 27 சீல் தேவைப்பட்டிருக்காது. சீல் வைத்ததும் விடுதி முதலாளி வேறு ஊருக்குப் போய்விடலாம். அங்கே சமையல் செய்தவர், ரூம் கூட்டியவர், ஜீப் ஓட்டியவர் எங்கே போவார்கள்?

ஜாகீர் மலை

இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையில், கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலை இது. இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சீபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை, தினை, மரவள்ளி, தேன், கடுக்காய் இவற்றை நம்பித்தான் பிழைப்பு.

நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. இந்த மலையோ சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற 3 ஜாகீர்களின் கையில் இருந்தது. அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976 ஜூன் 25-ந் தேதிதான். உள்ளாட்சித் தேர்தலில் இந்த மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1996-ல் என்று ஐகோர்ட்டிலேயே எடுத்துச் சொல்லப்பட்டது.

ஐகோர்ட்டுக்கு இந்த மலையின் கதை எப்படிப் போனது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊரே சுடுகாடு ஆனது. அதைத் தொடர்ந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ஆகியோர் தாமாகவே முன்வந்து வழக்கு எடுத்தார்கள். ரோடு இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. மலைக்கும் தனி தாலுகா வந்தது. ரோடு போட்டால் மலைவாசிக்கு ஆஸ்பத்திரி கிட்டே வரும். அதே ரோட்டில் நிலம் வாங்குகிறவரும் வருவார். ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரோட்டோடு என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டாமா?

விற்க முடியாத பட்டா

மலையில் எல்லா நிலமும் ஒரே மாதிரி இல்லை. இதைத் தெரியாமல் பட்டணத்துக்காரர்கள் அட்வான்சு கொடுத்து ஏமாறுவது உண்டு.

காட்டு நிலத்தில் காலம் காலமாகப் பயிர் செய்தவர்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டா கிடைக்கிறது. இந்தப் பட்டா அப்பாவிடம் இருந்து பிள்ளைக்குப் போகும். விற்க முடியாது. யாருக்கும் மாற்றியும் கொடுக்க முடியாது. "குத்தகைக்கு எழுதிக்கலாம், பவர் வாங்கிக்கலாம்" என்று எந்த புரோக்கர் சொன்னாலும் நம்பக்கூடாது.

ரிசர்வ் காட்டு நிலமாக இருந்தால் பேச்சே இல்லை. 1980-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்.

மிச்சம் இருப்பது தனியார் பட்டா நிலம். அதிலும் நினைத்தபடி கட்டிவிட முடியாது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, நகர் ஊரமைப்பு இலாகாவின் இசைவும் உள்ளாட்சியின் அனுமதியும் வேண்டும். இதற்கென்றே 2017-ல் விதிகள் போடப்பட்டன. பிறகு கட்டிட வரைபட அனுமதி. பெரிய வணிகக் கட்டிடம் என்றால் பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது.

மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்றும் இருக்கிறது. 1990-ல் அமைத்தது. "ஹாகா" என்றால் ஆபீசில் தெரியும். அதன் பட்டியலில் இருக்கும் கிராமமாக இருந்தால் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் பார்த்து, ஆட்சேபம் இல்லை என்று சொல்ல வேண்டும். நிலம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

இத்தனை கதவு இருந்தும் ஆட்கள் எப்படி உள்ளே போகிறார்கள்? வழி சுலபம். "வீடு கட்டறேன்" என்று அனுமதி வாங்குவார்கள். கட்டி முடித்ததும் போர்டு மாட்டுவார்கள். வீடு விடுதி ஆகிவிடும். கொடைக்கானலில் குடியிருப்பு என்று சொல்லி லாட்ஜ் நடத்திய கட்டிடங்களின் மேல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி நடவடிக்கை எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

கேட்காமல் விட்ட ஆள்

இத்தனை இலாகாவையும் கேட்கிறார்கள். ஒரே ஒரு ஆளைத்தான் கேட்பது இல்லை. பக்கத்தில் குடியிருப்பவர்!

பிரிட்டனில் ஒரு கிராமத்தில் யாராவது விடுதியோ விளையாட்டு மைதானமோ கட்ட விண்ணப்பம் போட்டால், கட்டப்போகும் இடத்திலேயே நோட்டீசு ஒட்டுவார்கள். அல்லது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போகும். ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம். அதையும் படித்துவிட்டுத்தான் முடிவு. 1947-ல் அங்கே வந்த நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பெயரைத்தான் தமிழ்நாட்டின் 1971-ம் ஆண்டுச் சட்டமும் வைத்துக்கொண்டது. பெயர் வந்தது. ஊர் மரத்தில் ஒட்டும் நோட்டீசு வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஒடிசா மாநிலத்தில் நியமகிரி மலை இருக்கிறது. அங்கே பாக்சைட் சுரங்கம் தோண்டப் பெரிய கம்பெனி ஒன்று வந்தது. "கிராம சபைகளைக் கேளுங்கள்" என்று 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 12 மலைக் கிராமங்களில் சபை கூட்டினார்கள். 12 கிராமமும் "வேண்டாம்" என்றன. சுரங்கம் நின்றது.

ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளில் பல, அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் அடங்கியவை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் கொடுக்கும் சட்டம் 1996-ல் வந்தது. கல்வராயன் மலை மக்கள் முதல் ஓட்டுப் போட்டதாகச் சொல்லப்படும் அதே வருடம்! ஆனால் அந்தச் சட்டம் இந்த மலைக்குப் பொருந்தாது. வன உரிமைச் சட்டம் மட்டும்தான் கையில் இருக்கும் ஆயுதம்.

நீச்சல் குளம்: ஒரு கணக்கு

"ஒரு விடுதி வந்தா மலை என்ன தேஞ்சா போயிடும்?" என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். நடுத்தரமான நீச்சல் குளம். அதை ஒரு தடவை நிரப்ப 75 ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அப்படியானால் அந்தக் குளத்துத் தண்ணீர் 1,360 பேருக்கு ஒரு நாள் தண்ணீர்!

தண்ணீர் மலையோடு நிற்பதும் இல்லை. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகி அணைக்கு வருகிறது. 46 அடி அணை நிரம்பினால் கச்சிராயப்பாளையம் பக்கத்து விவசாயிக்குச் சிரிப்பு. மேலே ஓடையை மறித்தாலோ, கழிவுநீரைத் திறந்துவிட்டாலோ கீழே இருப்பவருக்கும் கேடுதான். மலையில் போடும் கையெழுத்தில் கள்ளக்குறிச்சிக்காரருக்கும் பங்கு உண்டு.

விடுதியே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்வதல்ல விஷயம். வெளியூர் ஆட்கள் வந்தால் நாலு காசு புழங்கும். சாராயம் காய்ச்சிய பேர் போய், சுற்றுலா ஊர் என்று பேர் வந்தால் மலைக்கு நல்லதுதானே? வெள்ளிமலையில் கோடை விழா நடக்கும்போது தேனும் சாமை அரிசியும் விற்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

கேள்வி வேறு. எந்தச் சரிவில் கட்டலாம், எந்த ஓடைப் பக்கம் கட்டக்கூடாது, எத்தனை உயரம், தண்ணீர் எங்கே இருந்து, கழிவு எங்கே போகும், வேலை யாருக்கு? இதை எல்லாம் முதல் விடுதி வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். கொடைக்கானலில் கட்டிய பிறகு விதியைத் தேடினார்கள். மசினகுடியில் வேலி போட்ட பிறகு பாதையை அறிவித்தார்கள். கல்வராயன் மலையில் விதி முதலில் வரட்டும். வேலி பிறகு வரட்டும்.

மலைவாசியே தன் வீட்டில் 2 அறை ஒதுக்கி, களியும் தேனும் கொடுத்து விருந்தாளியைத் தங்கவைக்க அரசாங்கம் கடன் கொடுத்தால், பணமும் மலையிலேயே தங்கும். நிலமும் கை மாறாது.

ஊர் செய்ய வேண்டியது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் இந்த 6 நாளும் கிராம சபை கூட வேண்டும். "எங்க ஊர் எல்லையில யாருக்கு என்ன கட்ட அனுமதி கொடுத்திருக்கீங்க?" என்று அங்கே எழுந்து கேட்கலாம். தீர்மானமும் போடலாம்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

மசினகுடியில் ஒரு வழக்கு முடிய 12 வருடம் ஆனது. மலையில் அஸ்திவாரம் தோண்ட 12 நாள் போதும். கேட்பதானால் அதற்குள் கேட்டுவிட வேண்டும்.